அரிதாரம் பூசிய முகம்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், மறதியும் அதிகம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்றுப் பேரன் போனில் ஒரு பழைய டிவி நகைச்சுவைத் தொடரைக் காட்டினான். சில வாரங்களிலேயே நின்றுபோனதாம். அதில் மாமியாராக வந்தவர் கன்னத்தில் ஓர் அறை வாங்கினார். உடனே கூட்டமாகச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்த முகம் நாடக நடிகை மரகதத்தின் முகம்.

அறுபதுகளில் புதுக்கோட்டைப் பக்கம் மரகதம் பேர்பெற்ற நடிகை. திருவரங்குளத்தை அடுத்த எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வந்தவர், எங்கள் வீட்டில்தான் வேஷம் போட உட்கார்ந்தார். பொழுது சாயும்போது அவருடைய அண்ணன் உள்ளே புகுந்து, கூந்தலைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான்.

"ஆடி மானத்த வாங்குறியாடி? இன்னைக்கு ஒன்னயக் கொல்லாம விட மாட்டேன்!"

வாசலில் நின்ற பெரியவர்கள், "அண்ணன் தங்கச்சி சண்டை, நமக்கென்னப்பா" என்றார்கள். மரகதம் மிதி வாங்கிக்கொண்டே அரிதாரத்தை அள்ளி முகமெல்லாம் பூசினார். கிழிந்த உதட்டு ரத்தமும் அதில் குழைந்தது.

அப்போதுதான் பெரியவர்கள் பாய்ந்து அவனைப் பிடித்தார்கள். "டேய், வேசங்கட்டுன மூஞ்சிடா! சாமி குத்தமாயிரும், அங்கிட்டுப் போ!"

நாடகம் நடந்தது. விடிந்ததும் என் ஆத்தா வெந்நீர் கொடுத்து, "மூஞ்சியக் கழுவிக்க தாயி" என்றார்.

மரகதம் தெருமுனையைப் பார்த்தார். அண்ணன் அங்கே குந்தியிருந்தான்.

"வேணாங்க ஆத்தா. பஸ் ஏறுற வரைக்கும் இருக்கட்டும்."

அரிதாரத்தோடு நடந்தார். அவன் எழுந்து பின்னாலேயே போனான். பிறகு எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை.

தொடரின் பேர் மறந்துவிட்டது; பேரன் கீழே போட்டிருக்கும் அந்தக் காட்சியில் வந்தவர் மரகதம்தானா என்று தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். அவராகத்தான் இருக்க வேண்டும்.