மேசைமேல் வைத்த பென்சில்

பிரிக்பீல்ட்ஸில் நான் படித்த பெண்கள் பள்ளிக்கு ஒரே ஒரு நாள் வந்துபோன டீச்சர் அவர். எந்தப் பிள்ளைக்கு எதில் நாட்டம் என்று கேள்வி கேட்டறிந்து, தையல் வகுப்பா சயன்ஸ் வகுப்பா என்று சொல்வது அவர் வேலை. ஒல்லி உடம்பு, வெள்ளைச் சேலை, மூக்கில் நிற்காத கண்ணாடி. கேள்வி கேட்டதும் பென்சிலை மேசைமேல் வைத்துவிடுவார். பதில் முடிந்த பிறகுதான் எடுப்பார்.

என்னோடு அம்மாவும் வந்திருந்தார்.

"சும்மா இருக்கறப்ப என்ன செய்யப் பிடிக்கும்?" என்று டீச்சர் என்னைக் கேட்டார்.

"தையல்னா இவளுக்கு உசிரு டீச்சர்," என்றார் அம்மா. எனக்கோ ஊசியைக் கண்டாலே ஆகாது. அடுத்த கேள்விக்கும் அம்மாதான் பதில் சொன்னார். பென்சில் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

"எழுதலையா டீச்சர்?"

"மக பதிலை மக சொல்லட்டும்க்கா. உங்களுக்கு என்ன பிடிக்கும்? அதைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

அம்மா சிரித்து மழுப்பினார். டீச்சர் காத்திருந்தார்.

"எங்க ரயில்வே குவாட்டர்ஸ் பின்னாலதான் ரயில் போகுது," என்றார் அம்மா மெல்ல. "தண்ணியும் கரியும் போட்டா அம்மாம் பெரிய எஞ்சின் எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுக்கணும்."

டீச்சர் பென்சிலை எடுத்தார். அதற்குப் பிறகு கேள்விகளுக்கெல்லாம் நானே பதில் சொன்னேன்.

அப்படிக் கிடைத்த சயன்ஸ் படிப்புதான் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது. அந்த நன்றி எப்போதும் உண்டு. ஆனால் அவரை இன்னும் நான் மறக்காமல் இருப்பது அதற்காக அல்ல. எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா, தான் சொன்னது தாளில் ஏறுவதைக் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.