மூலை அறைக்கு வராத சூடு

இலங்கை மலைநாட்டில் அப்புத்தளைக்குக் கீழே, மேகம் ஒரு ஜன்னலால் நுழைந்து மறு ஜன்னலால் வெளியேறும் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் என் அப்பா அடுப்புக்காரராக இருந்தார். சமையல் அடுப்பு அல்ல, வீட்டையே சூடாக்கும் அடுப்பு. பின்கட்டுக் கொட்டகையில் பெரிய இரும்புப் பாய்லர் ஒன்று நின்றது. அப்பா விறகு போட, அதில் காய்ந்த வெந்நீர் குழாய்களில் ஏறும். ஒவ்வோர் அறையிலும் சுவரோரம் விலா எலும்புகள் போல நின்ற இரும்புச் சட்டங்களுக்குள் சுற்றி, ஆறித் திரும்பி வரும். எங்கள் குளிரையும் சீமைக் குளிரைப் போலவே அடக்கிவிடலாம் என்று எண்ணிய துரை, அத்தனையையும் கப்பலில் வரவழைத்திருந்தார்.

குளிர் அடங்கவில்லை. ஆபீஸ் அறை கொதித்தது. துரை அங்கே கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு உட்கார்ந்திருப்பார். கடைசியில் இருந்த மூலை அறையோ கிணற்றுக்குள் இறங்கியது போலிருக்கும். சத்தம் வேறு. குழாய்க்குள் யாரோ சுத்தியலால் தட்டுவார்கள், பெருமூச்சு விடுவார்கள், பிறகு தொண்டையைக் கனைத்துக்கொள்வார்கள். செத்துப்போன பழைய துரை குளிர் தாங்காமல் உள்ளே புகுந்துகொண்டதாகத் தொழிலாளர் லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

எனக்குப் பயமில்லை. அம்மா பங்களாவில் தரை துடைத்துத் துணி துவைத்து முடிக்கும்வரை நான் குழாயில் காதை வைத்துக் கிடப்பேன். உள்ளே ஓர் ஊர் இருந்தது. அங்கே மழை பெய்தது, மாட்டு வண்டிகள் மரப்பாலத்தைக் கடந்தன, யாரோ யாரையோ தூரத்திலிருந்து கூப்பிட்டார்கள். கேட்கக் கேட்கக் கண் சொருகும்.

குற்றமெல்லாம் அப்பா தலையில் விழுந்தது. “தூங்குறான் நீ! வெறகு போடு! இல்லே, வேற ஆள் வரும்!” என்று துரை கத்துவார். அப்பா இன்னும் விறகைத் திணிப்பார். சத்தம்தான் கூடியது.

ஒரு மழை நாளில் துரையின் மனைவி, துரைசாணி, கொட்டகைக்கு வந்தாள். அதிகம் பேசாத, வெளுத்த மெல்லிய பெண். கையில் சின்னப் பித்தளைச் சாவி.

“பேய் இல்லே. காத்து,” என்றாள் அப்பாவிடம். “எங்க அப்பா வீட்டுலயும் இதே சத்தம். நெருப்புக் கொறைச்சுப் போடு.”

தண்ணீரின் சூடு தணிந்ததும் அறை அறையாகப் போனாள். தகரக் கிண்ணத்தோடு நானும் பின்னால் போனேன். சட்டத்தின் உச்சியிலிருந்த திருகை அவள் சாவியால் சற்றே திறக்க, அடைபட்டிருந்த காற்று சீறிக்கொண்டு வெளியேறும். பிறகு தண்ணீர் துப்பும். உடனே மூடுவாள். ஆபீஸ் அறையில் வெந்நீர் வரும் வழியைப் பாதி அடைத்தாள், அப்போதுதான் கடைசியிலிருந்த மூலை அறைக்கு மிச்சம் போகுமாம். சுவரைத் துளைத்துப் போன இடங்களில் குழாய் கல்லில் இடிக்காதபடி அப்பா சாக்கைச் சுற்றித் திணித்தார். மறுபடி நெருப்பு மூட்டியபோது வீடு அமைதியாக இருந்தது. என் ஊர் காலியாகிவிட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

மூலை அறையில் சின்னக் கட்டில் ஒன்று, வெள்ளை விரிப்போடு. அதில் யாரும் படுத்து நான் பார்த்ததில்லை. யாருக்காக வாங்கினார்கள் என்று கேட்கவும் தோன்றவில்லை.

“படு. குளிர் இருக்கா, சொல்லு,” என்றாள் துரைசாணி.

படுத்தேன். சூடு மெல்ல வந்து பாதத்தைத் தொட்டது. ஜன்னலில் மேகம் நின்றது. விழித்தபோது அவள் தரையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் குளிர் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள், அதற்கு மறுநாளும். இவ்வளவு பொறுப்பான வேலை லயத்தில் வேறெந்தப் பிள்ளைக்கும் கிடைத்ததில்லை என்று நான் பெருமைப்பட்டேன். அவள் தந்த நீலக் கம்பளிச் சட்டை எனக்கு அளவெடுத்தது போலிருந்தது.

ஒரு பிற்பகல், பாதித் தூக்கத்தில், கதவருகே பேச்சுக் கேட்டது.

“இவ இங்கயே இருக்கட்டும். எனக்குக் குடு. நான் படிக்க வைக்கும், சீமைக்குக் கூட்டிப் போகும்.”

அம்மா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். பிறகு, “மன்னிச்சுக்குங்க தொரசாணி. எம்புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன்,” என்றாள். என்னை அந்தக் கட்டிலிலிருந்து அள்ளித் தூக்கினாள். கம்பளிச் சட்டையைக் கழற்றி மடித்து விரிப்பின் மேல் வைத்தாள். துரைசாணி தடுக்கவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்மா அதன்பின் பங்களாவுக்குப் போகவில்லை. மறுநாள் காலையிலேயே கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள். கதகதப்பான வேலையை விட்டுவிட்டு மழையில் நனையப் போகிறாளே என்று நான் அழுது அடம்பிடித்தேன். அவளுக்குப் பொறாமை என்றுகூட நினைத்தேன்.

அன்று மாலை அப்பா வந்து, ஈரத் தலைப்பாகையைப் பிழிந்தபடி சொன்னார்: “மூலை ரூமுக்குப் போற தண்ணிய தொரசாணியே அடைச்சுட்டாங்க. இனி அங்க சூடு வேணாமாம்.”

அத்தனை பாடுபட்டுச் சரிசெய்ததை யாராவது அடைப்பார்களா?

“மறுபடி காத்துப் பூந்துக்கிச்சாப்பா?” என்று கேட்டேன்.

அப்பா தலைப்பாகையை உதறிக் கொடியில் போட்டார். அம்மா என்னைத் தன் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டாள். கொழுந்து பறித்துக் கீறல் விழுந்த கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலித்தது. அவளுக்கு ரொம்பக் குளிர்கிறது போலிருக்கிறது என்று நினைத்து, நான் இன்னும் கொஞ்சம் ஒட்டிப் படுத்துக்கொண்டேன்.