எழுதாமல் விட்ட ஒரு காலைப்பொழுது

1. மடுவத்தில் வாசித்த கதை

நான் எழுதிய மூன்றாவது கதை பத்திரிகையில் வந்த வாரம், எங்கள் தோட்டத்தில் ஒரு பெண் வேலைப் பதிவில் இருந்த பேரை வெட்டிக்கொண்டு போனாள். அவள் போனதற்கு என் கதைதான் காரணம்.

அப்போது நான் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மிட்வைஃப். ஐம்பதுகளின் தொடக்கம். ஆஸ்பத்திரி என்று பேர், ஆறு கட்டில்தான். மருந்து கொடுக்க ஒரு டிஸ்பென்சர் ஐயா, பிரசவத்துக்கு நான். லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் என்னை நர்ஸம்மா என்பார்கள். பிரசவம் முடிந்ததும் ஆங்கிலத்தில் ரெஜிஸ்டர் எழுத வேண்டும். பெண், ஆறு இறாத்தல், காலை பத்து நாற்பது. இவ்வளவுதான். அந்தப் பத்து நாற்பதுக்குள் என்னென்ன நடந்தது என்று எழுத ரெஜிஸ்டரில் இடம் கிடையாது. அதனால் வீட்டில் ஒரு கொப்பியில் எழுத ஆரம்பித்தேன். கொழும்பிலிருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகைக்கு ஒன்றை அனுப்பிப் பார்த்தேன். மாதர் பகுதியில் போட்டார்கள். இரண்டாவதையும் போட்டார்கள். எனக்கு நன்றாகவே எழுத வந்தது. அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

மூன்றாவது கதை மாரியாயியைப் பற்றியது. கீழ் லயத்துப் பெண். முதல் பிரசவம், பிள்ளை இறந்து பிறந்தது. வலியில் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் ஒரு விஷயம் சொன்னாள். வலப்பனைப் பக்கத்தில் அவளுக்கு முன்பே ஒரு கல்யாணம் ஆகியிருந்தது. அடி தாங்காமல் அந்த ஆளை விட்டு வந்துவிட்டாள். புருஷன் பழனிக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது. நான் அதையும் எழுதினேன். பேரை மாற்றினேன். ஆனால் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டு இடக்கைச் சுண்டுவிரல் பாதி போனதை அப்படியே வைத்தேன். அந்த விரல் கதைக்கு நன்றாக இருந்தது.

பத்திரிகை வந்த அன்று, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கணக்கப்பிள்ளை அதை உரக்கப் படித்திருக்கிறார். அவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. நம் நர்ஸம்மா எழுதியது என்ற பெருமை. விரல் வந்த இடத்தில் வரிசையில் நின்ற அத்தனை பேரும் மாரியாயியின் கையைப் பார்த்தார்களாம். மாமியாரும் அந்த வரிசையில் நின்றாள்.

நான்காம் நாள் மாரியாயி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கையில் ஒரு துணி மூட்டை. சண்டை போடவில்லை, அழவுமில்லை.

"நர்ஸம்மா, நான் ஒங்ககிட்டதான் சொன்னேன். ஊருக்குச் சொல்லல" என்றாள்.

அதற்குப் பிறகு எங்கே போனாள் என்று எனக்குத் தெரியாது. பத்து நாளில் பழனியும் பேரை வெட்டிக்கொண்டு அவளைத் தேடிப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். கொப்பியைப் பெட்டிக்கு அடியில் போட்டேன். பத்திரிகைக்காரர் இரண்டு கடிதம் எழுதினார். நான் பதில் போடவில்லை.

2. பன்னிரண்டு வருஷம்

பன்னிரண்டு வருஷம் ரெஜிஸ்டர் மட்டும் எழுதினேன். கெட்டிக்காரி என்று பேர் எடுத்தேன். கழுத்தில் கொடி மாலையாகச் சுற்றிக்கொண்ட பிள்ளைகளையும் கால் முதலில் வந்த பிள்ளைகளையும் உயிரோடு எடுத்திருக்கிறேன். பக்கத்துத் தோட்டங்களில் சிக்கலென்றால் லொறி அனுப்பி என்னைக் கூப்பிடுவார்கள். எழுத்தைப் பற்றி யாராவது கேட்டால் நேரமில்லை என்பேன். அது பொய். எனக்கு நானே ஒரு தண்டனை கொடுத்துக்கொண்டேன், அதை நியாயமென்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளின் நடுவில் ஒரு சிவனொளிபாதமலை சீசன். யாத்திரைக்காரர்களுக்கு முதலுதவி செய்ய மலையடிவாரத்து ஊரான நல்லதண்ணியில் ஒரு கொட்டகை போட்டிருந்தார்கள். சுற்று வட்டாரத் தோட்டங்களிலிருந்து எங்களை முறை வைத்து அனுப்பினார்கள். காலை எட்டு மணிக்கு மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்குக் கால் விளங்காது. தைலம் தேய்த்து, கட்டுப் போட்டு, உட்கார வைப்பதுதான் வேலை. எதிரில் வரிசையாகத் தேத்தண்ணிக் கடைகள். ஒரு கடையிலிருந்து ஒரு பெண் எனக்குப் பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். கோப்பையைப் பிடித்திருந்த கையைத்தான் முதலில் பார்த்தேன்.

"என்ன நர்ஸம்மா, தெரியலையா?" என்றாள் மாரியாயி.

கடை அவளுடையதும் பழனியுடையதும். இரண்டு பிள்ளைகள், மஸ்கெலியாவில் படிக்கிறார்கள். சீசன் இல்லாத மாதங்களில் பக்கத்துத் தோட்டத்தில் அன்றன்றே கூலி தரும் கைக்காசு வேலை. நன்றாக இருந்தாள். என் கண்ணுக்கு அது ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலில் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று ஆரம்பித்தேன். விரலை எழுதியிருக்கக் கூடாது, கல்யாணத்தை எழுதியிருக்கக் கூடாது, அன்றோடு எழுத்தையே விட்டுவிட்டேன் என்று சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டே கொட்டகை வாங்குப் பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அதுக்கு நான் அப்பவே அழுது முடிச்சிட்டேன். எனக்குப் பொறுக்காதது வேற. அன்னைக்குக் காலையில பெரட்டுக்கு ஆள் கூடுறதுக்கு முன்னாடி இடுப்பப் புடிச்சிக்கிட்டு ஒங்ககிட்ட வந்தேன். இன்னும் நாள் இருக்கு, கொழுந்தெடுக்க மலைக்குப் போன்னு சொன்னீங்க. கதையில அது எங்க?"

நான் தைலக் குப்பியை மூடி வைத்தேன்.

"என் கதைய முழுசா எழுதினீங்க. ஒங்க கதைய எழுதவே இல்லையே நர்ஸம்மா."

3. அந்தக் காலை

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று ஆஸ்பத்திரியைப் பார்வையிட வெளியிலிருந்து ஒரு பெரிய டொக்டர் வருவதாக இருந்தது. வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விடும் பிள்ளை மடுவத்தைக் கழுவ வேண்டும், தொட்டில் துணி மாற்ற வேண்டும், ரெஜிஸ்டரை ஒழுங்குபடுத்த வேண்டும். மாரியாயி வந்தபோது வாசலில் நின்றபடியே அவள் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தேன். படுக்கவைத்துப் பார்க்கவில்லை. பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் குழல் வைத்துக் கேட்கவில்லை. பொய்வலி என்று அனுப்பிவிட்டேன். மேல்மலையில் நிறைக்கூடையோடு அவள் விழுந்தாள். இரண்டு பெண்கள் கம்பளியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். பிள்ளை பிறந்தபோது கழுத்தில் கொடி இரண்டு சுற்று.

காலையிலேயே படுக்கவைத்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா? எனக்குத் தெரியாது. எந்த டொக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நான் பார்க்கவில்லை என்பது உறுதி. கதையில் நான் கண்ணீரோடு போராடும் மருத்துவச்சியாக இருந்தேன். காலையை வெட்டிவிட்டு, அவளைத் தூக்கிவந்த நேரத்திலிருந்து கதையைத் தொடங்கியிருந்தேன். அது சாமர்த்தியமான தொடக்கம் என்று பத்திரிகைக்காரர் கடிதத்தில் பாராட்டியிருந்தார்.

பன்னிரண்டு வருஷமாக நான் வருந்தியது விரலுக்காக. இந்தக் காலைக்காக அல்ல. அவள் சொன்னபோதுதான் அது எனக்கே விளங்கியது.

4. மறுபடியும் கொப்பி

முறை முடிந்து தோட்டத்துக்குத் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை எழுத உட்கார்ந்தேன். கை ரெஜிஸ்டருக்குப் பழகிப்போயிருந்தது. ஒரு வரி எழுதினால் அதில் இறாத்தலும் மணியும்தான் வந்தன. பிறகு, "ஒரு தோட்டத்தில் ஒரு மருத்துவச்சி இருந்தாள்" என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் ஓடியது. படித்துப் பார்த்தேன். அந்த மருத்துவச்சி மறுபடியும் நல்லவளாகிக்கொண்டிருந்தாள். கிழித்தேன். "நான்" என்று எழுதினேன். அதற்குப் பிறகு நிற்கவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்தேன். வாக்கியங்கள் பழைய கதையைவிடக் குட்டையாக இருந்தன, ஆனால் ஒன்றுகூட ஆடவில்லை. எழுத்து என்னைவிட்டுப் போய்விடவில்லை என்று தெரிந்தபோது நெஞ்சு நிமிர்ந்தது.

உடனே தபாலில் போடவில்லை. அட்டனுக்குப் போய், பஸ் மாறி, நல்லதண்ணியில் மாரியாயியிடம் கொண்டுபோனேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கடைக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த இடத்தில் உட்கார்ந்து முழுவதையும் வாசித்தேன். பழனி நின்றுகொண்டே கேட்டார். விரல் இல்லை, வலப்பனை இல்லை, முதல் கல்யாணம் இல்லை. அவை என் கதைக்கு வேண்டியவையும் அல்ல.

வாசித்து முடித்ததும் வேறு ஏதாவது எடுக்க வேண்டுமா என்று கேட்டேன். எடுக்க ஒன்றுமில்லை, ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்றாள்.

"பிள்ளைக்குத் தலை நெறைய முடி இருந்திச்சி. அத எழுதுங்க. அதப் பாத்தது நீங்களும் நானும் மட்டுந்தான்."

அங்கேயே, விறகுக் கட்டையின் மேல் கொப்பியை வைத்து எழுதினேன். பழனி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் பிள்ளையைப் பார்த்திருக்கவில்லை. அன்று அவர் மலையிலிருந்து வந்து சேர்வதற்குள் நான் துணியைச் சுற்றிவிட்டேன்.

டிஸ்பென்சர் ஐயாவிடமும் காட்டினேன். இருபது வருஷமாக ஒரே இடத்தில் வேலை செய்த மனிதர், பயந்துவிட்டார். தோட்டத்தை நடத்துகிற தொரை காதுக்குப் போனால் வேலை போய்விடும், குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்வார்கள், பழசைக் கிளறி யாருக்கு என்ன லாபம் என்று கேட்டார். அவர் சொன்னது எல்லாம் நடக்கக்கூடியதுதான். தபாலில் போட்டேன்.

5. தொரையின் ஒஃபீஸ்

கதை வந்த மூன்றாம் நாள் தொரை கூப்பிட்டனுப்பினார். பெரிய கிளாக்கரை வைத்து முழுவதையும் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிப் படித்திருந்தார். உண்மையா என்று கேட்டார். உண்மை என்றேன். ஏன் அப்போதே ரிப்போர்ட் பண்ணவில்லை என்றார். பயம் என்றேன். தோட்டத்துக்குக் கெட்ட பேர் வராதா என்றார். தோட்டத்தின் பேரை நான் எழுதவில்லை, என் பேரைத்தான் எழுதினேன் என்றேன்.

அவர் அந்தக் காகிதங்களை மடித்து வைத்தார். வேலையிலிருந்து நீக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் போவோம் என்று கேட்டேன். எட்டு மாதம் தாண்டிய பெண் பெரட்டில் வலி என்று சொன்னால், கணக்கப்பிள்ளையும் தீர்மானிக்கக் கூடாது, வாசலில் நின்று நானும் தீர்மானிக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் படுக்கவைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்காக அவளுடைய அன்றைய பேரை, அந்த நாள் சம்பளத்தை, குறைக்கக் கூடாது.

தொரை எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். கேட்டதையும் கொடுத்தார். இரண்டும் ஒரே பக்கத்தில் டைப் அடித்து வந்தன. கடிதத்தை நான் மறைத்து வைக்கவில்லை.

ஆனால் என் பயம் தொரை அல்ல, லயம். இந்தக் கதையையும் மடுவத்தில் வாசித்திருந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த கை என்று சொல்லி இனி யாரும் என்னிடம் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். ஒரு வாரம் ஆஸ்பத்திரி வாசல் வெறுமையாகத்தான் இருந்தது.

எட்டாம் நாள் காலை, மேல் லயத்துச் செல்லம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் நுவரெலியாவுக்குப் போய்ப் பெற்றுக்கொள்வதாக ஏற்பாடு. ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டேன்.

"தப்புப் பண்ணினேன்னு நீங்களே எழுதியிருக்கீங்களாமே. அப்ப இனிமே அந்தத் தப்பு ஒங்ககிட்ட நடக்காதுல்ல. அதான் இங்கேயே பெத்துக்கலாம்னு வந்துட்டேன்" என்றாள்.

படுக்கவைத்தேன். குழலை எடுத்து வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தேன். ஓடுகிற குதிரைக் குளம்பு மாதிரி துடிப்பு கேட்டது. ஒரு நிமிஷம் முழுவதும் எண்ணினேன். பிறகு இன்னொரு தடவை எண்ணினேன்.

அதற்குப் பிறகு நான் நிறைய எழுதிவிட்டேன். புதிதாக எழுத வரும் பெண்கள் எப்படி எழுதுவது என்று என்னைக் கேட்பதுண்டு. சொந்தக் கதை எழுதுவதென்றால் முதலில் சொந்தத் தப்பை எழுதுங்கள், அடுத்தவர் வருகிற இடத்தை அவரிடம் வாசித்துக் காட்டிவிட்டு எழுதுங்கள் என்பேன். செல்லம்மாவுக்கு அன்று மத்தியானம் ஆண்பிள்ளை பிறந்தது. எதையும் எழுதுவதற்கு முன் அவளைக் கேட்டேன். என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், ஆனால் நான் கத்தியதை மட்டும் எழுதாதீர்கள் என்றாள். எழுதவில்லை.