ஒரு நாள் ஆயுள் உள்ள இடுப்பளவு

அளவைச் சொல்லும் நேரம் வந்ததும் டெய்லரக்கா தையல் மெஷினை ஓடவிடுகிறார். ஊசியில் நூல்கூட இருக்காது. அந்தக் கடகடப்புக்குள் வாடிக்கையாளரின் காதோரம் குனிந்து எண்ணைச் சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் நிமிர்வார்.

நேரில் வரக் கூச்சப்படுகிறவர்கள் செல்போனில் அனுப்பலாம். அந்த உரையாடல்களெல்லாம் பூட்டுக்குள் இருக்கும். அக்காவின் விரல் பட்டால்தான் திறக்கும். ஒரு நாள் கழிந்தால் செய்தி தானாக அழிந்துவிடும். "வயசைக் கேட்டாக்கூடச் சொல்லிடுவாங்க. இடுப்பைச் சொல்ல மாட்டாங்க" என்பார். கூடவே உட்கார்ந்து பட்டன் தைக்கும் கணவருக்குத் தெரிந்தது அவருடைய சொந்த அளவு ஒன்றுதான். அதிலும் அக்கா இரண்டு அங்குலம் குறைத்தே சொல்லியிருக்கிறார்.

போன வாரம் இந்தக் கட்டுக்காவலில் அக்காவே மாட்டிக்கொண்டார். பள்ளித் தலைமையாசிரியை ஆண்டுவிழாவுக்கு ஒரு கோட்டு கேட்டிருந்தார். மாணவர்களின் அம்மாக்கள் நிறைந்த கடைக்கு வர மனமில்லாமல், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தானே அளந்து அனுப்பினார். கூடவே ஒரு வரி: மறுபடி கேட்கக் கூடாது. அக்கா வேறு வேலையில் மூழ்கிவிட்டு, இரண்டு நாள் கழித்துத் துணியை விரித்துக் கத்தரியும் கையுமாகச் செல்போனைத் திறந்தால், உள்ளே துடைத்துவிட்டது போலிருந்தது.

கேட்டால் மானம் போகும். கேட்காவிட்டால் விழா மேடையில் கோட்டின் பட்டன் தெறிக்கும். யோசித்துப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூட வாசலுக்கே போனார். தலைமையாசிரியை வெளியே வந்ததும், பார்த்து எத்தனை நாளாயிற்று என்று உருகி, ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். தோளில் அல்ல, இடுப்பில். தலைமையாசிரியை திகைத்துப்போய் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.

அணைத்த கைகளின் வளைவை அக்கா மாற்றவில்லை. விரல் நுனிகளை மட்டும் விலக்கிப் பின்னால் நகர்ந்து, மறுபடி தொடவைத்து, அதே வளையத்தோடு இரண்டு தெரு நடந்தார். எதிரே வந்த தபால்காரர் விசாரித்ததற்குக் கை பிடித்துக்கொண்டது என்றார். கடைக் கதவை முழங்காலால் தள்ளினார்.

"டேப்பை எடுங்க. என் கைக்குள்ள சுத்துங்க."

"யாரோடது?" என்றார் கணவர்.

"கண்ணை மூடிக்கிட்டுச் சுத்துங்க."

மூடிக்கொண்டுதான் சுற்றினார். முதல் சுற்று அக்காவின் கழுத்தில் விழுந்தது. இரண்டாவது சரியாக அமைந்ததும் எண்ணை அக்காவே குனிந்து படித்துக்கொண்டார். அது இங்கேயும் அச்சேறாது.

விழாவுக்கு முதல் நாள், கடையில் ஆளில்லாத நேரம் பார்த்துத் தலைமையாசிரியை வந்தார். கோட்டைப் போட்டுப் பட்டன்களை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றார்.

"நான் அனுப்பினது இன்னும் போன்ல இருக்கா?"

"அது மறுநாளே அழிஞ்சிடுச்சு, டீச்சர்."

தலைமையாசிரியை வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு, வந்ததிலிருந்து இழுத்துப் பிடித்திருந்த மூச்சை முழுசாக விட்டார். ஒரு தையலும் பிரியவில்லை. அக்கா மட்டும் அதற்குள் முதுகைக் காட்டித் திரும்பி, கீழே விழாத ஊசியைத் தரையில் தேட ஆரம்பித்திருந்தார்.