எதிரில் உட்காராத கருப்பாத்தாள்

யாராவது ஒரு காகிதத்தைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினால் கருப்பாத்தாள் அவர்களுக்கு எதிரில் உட்கார மாட்டாள். எழுந்து போய், படிப்பவரின் தோளை இடிக்கிற மாதிரி பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, பட்டாளத்திலிருந்து வந்த கடிதமானாலும் சரி. "நீங்க பாட்டுக்குப் படிங்க, நான் சும்மா பாத்துக்கறேன்" என்பாள். கண் மட்டும் வரியை விட்டு நகராது. வடகரப்பதிப் பக்கத்தில் ஏழெட்டு வருசம் இதைப் பார்த்துப் பழகியவர்கள், அவள் வருவதைக் கண்டாலே பெஞ்சில் ஒதுங்கி இடம் விடுவார்கள்.

ஒரே ஒரு தடவைதான் அவள் எதிரில் உட்கார்ந்தாள். அது எழுபத்தொன்றாம் வருசம், மலையாளச் சீமையில் இருக்கிற சித்தூரில், வக்கீல் சென்னியப்பனின் மேசைக்கு முன்னால்.

அப்போது அவள் புருசன் நஞ்சப்பன் இறந்து இரண்டு வருசம் ஆகியிருந்தது. மகளைக் கட்டிக்கொடுக்க வேண்டும். ரோட்டைப் பார்த்த முன்வீட்டை விற்றுவிட்டு, பின்னால் இருந்த ஓலைச் சாளையில் இருந்துகொள்வதென்று முடிவு செய்தாள். வாங்கியவன் காளிச்சாமி, நஞ்சப்பனின் சித்தப்பன் மகன். கிணறு முன்வீட்டோடு போயிற்று. சாளையிலிருந்து ரோட்டுக்கு வரும் தடமும் முன்வீட்டை ஒட்டியே போயிற்று. அதனால் தண்ணீர் சேந்தவும் நடந்து வரவும் அவளுக்கு உரிமை உண்டு என்று பத்திரத்தில் எழுதிவிட வேண்டும் என்பதுதான் பேச்சு.

கிரயப் பத்திரத்தை அங்கே ஆதாரம் என்பார்கள். ஆதாரம் மலையாளத்தில் இருக்கும். வடகரப்பதிக்காரர்கள் தமிழில் கையெழுத்துப் போடுவார்கள். நடுவில் இருக்கும் வக்கீல் அதைத் தமிழில் படித்துச் சொல்வார். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே வக்கீல்தான். தனி வக்கீல் வைத்தால் எதிராளியைத் திருடன் என்று சொன்ன மாதிரி. சொந்தத்துக்குள் அப்படிச் செய்தால் அடுத்த விசேசத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

"நமக்குள்ள எதுக்குங்க நங்கையா ரெண்டு வக்கீலு? சென்னியப்பன் நம்மாளு. ரெண்டு பேருக்கும் அவரே போதும்" என்றான் காளிச்சாமி. அண்ணன் பெண்டாட்டியை நங்கையா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவன். அவளும் சரி என்றாள்.

சென்னியப்பன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு படித்தான். நல்ல குரல். "மேற்படி கெணத்துல தண்ணி சேந்திக்கவும், மேற்படி தடத்துல நடந்துக்கவும் கருப்பாத்தாளுக்கும் அவ வாரிசுகளுக்கும் என்னென்னைக்கும் பாத்தியம் உண்டு." அந்த இடத்தில் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான். "சரிதானுங்க அம்மிணி?" அவள் தலையாட்டினாள். கையெழுத்துப் போட்டாள்.

மறு வருசம் காளிச்சாமி தடத்தின் குறுக்கே செங்கல் சுவர் எழுப்பினான். கேட்டதற்கு ஆதாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நீட்டினான். பள்ளிக்கூடத்து வாத்தியார் அதை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, "கிணறும் இல்லைங்க, தடமும் இல்லைங்க" என்றார்.

அன்றைக்கே அவள் சித்தூருக்குப் பஸ் ஏறினாள்.

"ஏனுங்க வக்கீலய்யா, அன்னிக்குப் படிச்சீங்களே, அது எங்க போச்சுங்க?"

"ஆதாரத்துல என்ன இருக்குதோ அதத்தான் படிச்சேன்."

"கெணத்தைப் படிச்சீங்க. தடத்தைப் படிச்சீங்க. என்ர மூஞ்சியப் பாத்துச் சிரிச்சீங்க."

"சிரிச்சதுக்கெல்லாம் ரிஜிஸ்டர் உண்டா? பொம்பளைகளுக்குக் காதுல விழறதே வேற. காதுல விழுந்ததுக்குச் சாட்சி எங்க, சொல்லு பாப்போம்." குமாஸ்தா சிரித்தான். வாசலில் உட்கார்ந்திருந்த கட்சிக்காரர்களும் சிரித்தார்கள். "வேணுமின்னா கேஸ் போடு. பத்து வருசத்துல தீர்ப்பு வரும். அதுக்குள்ள உனக்குத் தண்ணித் தாகம் தீந்துரும்."

அவள் வெளியே வந்தாள். படியிறங்கும்போது வாசலில் கிடந்த செருப்புகளை எண்ணினாள். பதினெட்டு ஜோடி. இதில் ஒன்றுகூட இங்கே கிடக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

காளிச்சாமி மேல் அவளுக்கு இந்த அளவு கோபம் இல்லாதது ஊருக்கு ஆச்சரியம். சுவர் கட்டியவன் அவன், பழி வக்கீல் மேலா? இதற்கு அவள் ஒரு தடவைதான் பதில் சொன்னாள். "காளிச்சாமி ஆசப்பட்டான், எடுத்துக்கிட்டான். இவன் என்னை ஆளுன்னே நெனைக்கல." அது போதுமான காரணமா என்று வெளியில் நிற்பவர்கள் எப்படிச் சொல்வது? தினமும் இரண்டு குடத்தோடு பஞ்சாயத்துக் கிணறுவரை கள்ளிவேலியைச் சுற்றிக்கொண்டு அரை மைல் நடந்தது அவள்தானே.

அவள் நெய் விற்க ஆரம்பித்தாள். திங்களும் வியாழனும் சித்தூர் கோர்ட்டுத் தெரு. முதல் வீடு சென்னியப்பனின் வீடு. முன்பாதி ஆபீசு, பின்பாதி குடியிருப்பு. பக்கவாட்டுத் தடத்தில் நடந்து பின்பக்கப் பொடக்காளி வாசலில் போய் நின்றாள். வக்கீலின் மனைவி முத்தாத்தாள் ஒரு சொட்டு நெய்யைப் புறங்கையில் தேய்த்து மோந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"நீ அந்த வடகரப்பதிக்காரிதான? கெணத்துக் கேசு?"

"ஆமாங்க."

"என்ர ஊட்டுக்காரரு மேல கோவம் இல்லையா?"

"இருக்குதுங்க. நெறைய இருக்குதுங்க."

"பின்ன எதுக்கு இங்க நெய் கொண்டாற? வெசங்கிசம் வெச்சிருக்கியா?"

"வெசம் வெச்சா ஒரு நாளுல முடிஞ்சு போயிருமுங்க. உங்க படியில உக்காந்தா தடத்து வழியா ஆபீசு வாசல் நல்லாத் தெரியுது. ஆரு வர்றாங்க, போறாங்கன்னு பாக்கத்தான் வந்தேன்."

முத்தாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அன்னிக்கு அந்தக் காளிச்சாமி கொண்டாந்து குடுத்த வாழைத்தாரு இந்தச் சமையக்கட்டுலதான் பழுத்துச்சு. நானுந்தான் தின்னேன்" என்றாள்.

மூன்றாவது வாரம் கருப்பாத்தாள் கேட்டாள். "நீங்க மலையாளப் பள்ளிக்கூடத்துல படிச்சவிகன்னு சொன்னாங்க. எனக்கு எழுத்துச் சொல்லித் தருவீங்களா?"

"இந்த வயசுலயா?"

"நாப்பத்தொண்ணுதானுங்க ஆகுது."

"எதுக்குன்னு நான் கேக்கல. கேட்டா சொல்லித்தர மாட்டேன்" என்று முத்தாத்தாள் கரித்துண்டை எடுத்துப் படியிலேயே முதல் எழுத்தை எழுதினாள். ஐம்பத்தோரு எழுத்து. வாரத்துக்கு இரண்டு. கூட்டெழுத்துக்கு இன்னொரு ஆறு மாசம். நெய்யை அளந்து ஊற்றுகிற நேரத்துக்குள் பாடம் முடிந்துவிடும். புருசனின் செருப்புச் சத்தம் கேட்டால் முத்தாத்தாள் காலால் எழுத்தை அழித்துவிடுவாள். இதற்குப் பதிலாகக் கொடுத்த நெய்யை அவள் வாங்கவில்லை. "அது விலைக்கு வந்த நெய், இது வேற. ஒண்ணோட ஒண்ணைக் கலக்காத" என்றாள்.

எழுபத்துநாலில் கருப்பாத்தாள் ரிஜிஸ்டர் ஆபீசில் நகல் வாங்கித் தன் ஆதாரத்தைத் தானே படித்தாள். வாத்தியார் சொன்னது சரிதான், கிணறும் இல்லை, தடமும் இல்லை. அதைத் தெரிந்துகொண்டு அழுதாளா என்றால் இல்லை. மடித்து டப்பாவில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

நெய்க்காரிக்குத் தெரியாமல் எந்த வீடும் கைமாறாது. யார் விற்கிறார்கள், யார் வாங்குகிறார்கள் என்பது அடுப்படிக்குத்தான் முதலில் வரும். கேள்விப்பட்ட மறுநாள் அவள் அந்த வீட்டு வாசலில் நிற்பாள். "கிரயம் ஆரு எழுதறாங்க?" சென்னியப்பன் என்று பதில் வந்தால், தன் ஆதாரத்தை எடுத்து வரிவரியாக விரல் வைத்துப் படித்துக் காட்டுவாள். "இதுல என்ர கெணறு எங்க இருக்குதுன்னு பாருங்க." அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

"அப்ப ஆருகிட்டத்தான் போறது?" என்று கேட்டவர்களுக்கு அவளிடம் ஒரு சோதனை இருந்தது. வக்கீல் படிக்கும்போது போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். வரியில் விரலை வைக்க வேண்டும். கோபப்படுகிறவன் வேண்டாம். காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறவன் வேண்டவே வேண்டாம். சித்தூரில் ஆறு வக்கீல்களிடம் அவளே போய் உட்கார்ந்து பார்த்தாள். நாலு பேர் எழுந்து போகச் சொன்னார்கள். ஒருவர் அடிக்கக் குடையை ஓங்கினார். அர்த்தநாரி என்ற இளவட்டம் மட்டும் காகிதத்தை அவள் பக்கம் தள்ளிவைத்து, "இந்த எழுத்து எனக்கே வெளங்கல, உங்களுக்கு வெளங்குதாங்க?" என்றான். அதன்பிறகு கூட்டம் அவனிடம் போயிற்று. விற்பவர் ஒரு வக்கீல், வாங்குபவர் ஒரு வக்கீல் என்று வைத்துக்கொள்ளும் பழக்கமும் மெல்ல வந்தது. "நானா சந்தேகப்பட்டேன்? கருப்பாத்தா சொன்னா" என்று சொந்தக்காரர்கள் ஒருவரிடம் ஒருவர் தப்பித்துக்கொண்டார்கள்.

திங்களும் வியாழனும் அவள் படியில் உட்கார்ந்து செருப்புகளை எண்ணினாள். பதினெட்டு பதினொன்றாயிற்று, ஐந்தாயிற்று. எழுபத்தேழு கடைசியில் இரண்டு ஜோடி. அதில் ஒன்று குமாஸ்தாவுடையது.

மறு வருசம் உரவியாபாரி குப்பண்ணன் அவளைத் தேடி வந்தார். "சென்னியப்பன் ஊட்டு முன்பாதி வெலைக்கு வருதுங்கக்கா. அடமானத்துக்குக் கடன் குடுத்தவன் ஏலம் போடறான், ஒரு வாரந்தான் கெடு. கடைக்கு நல்ல எடம். ஆதாரத்தை அவரே எழுதறேங்கறாரு. வேற வக்கீல் வெக்கலாங்களா?"

"வேண்டாம். அவனே எழுதட்டும். படிக்கறது நானு."

அதே மேசை. இம்முறை அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சென்னியப்பனுக்குப் பக்கத்தில் போட்டாள். அவன் எழுதியிருந்தது சுத்தமாக இருந்தது. விற்றது போகப் பின்பாதியில் குடியிருக்கும் தனக்கும் மனைவிக்கும், முன்பக்கக் கிணற்றில் தண்ணீர் சேந்தவும் பக்கவாட்டுத் தடத்தில் நாலடி அகலம் நடக்கவும் என்றென்றைக்கும் பாத்தியம். கருப்பாத்தாள் அதை மலையாளத்தில் சத்தமாகப் படித்தாள். ஒரு எழுத்துக்கூடத் தடுக்கவில்லை. படித்து முடித்து அந்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

"குப்பண்ணா, நாளைக்கு மூட்ட எறக்கற எடத்துல ஆராச்சும் கொடத்தோட குறுக்க வந்துட்டே இருந்தா யாவாரம் ஆகுமா?"

குப்பண்ணன் யோசித்தார். "ஆகாதுங்க."

"இதை அடிச்சாத்தான் இவரு கையெழுத்துப் போடுவாருங்க, வக்கீலய்யா."

சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றினான். "கருப்பாத்தா, பின்னால வாய்க்காலு. வேற தடமே இல்ல."

"தெரியுமுங்க. எனக்கும் ஆறு வருசமா இல்லைங்க."

"எழுத்துல வேண்டாம், போகட்டும். குப்பண்ணன் வாயால சொன்னாப் போதும்."

"காதுல விழுந்ததுக்குச் சாட்சி எங்கீங்க?"

அவன் அவளையே பார்த்தான். அந்த வார்த்தை அவனுக்கு ஞாபகம் இருந்ததா என்று தெரியவில்லை. ஞாபகம் இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். கெடு ஐந்து நாள்தான் பாக்கி இருந்தது. அவன் பேனாவை எடுத்துத் தன் கையாலேயே அந்த இரண்டு வரியையும் அடித்தான், அடித்ததற்கு ஓரத்தில் கையெழுத்தும் போட்டான். உள்கதவில் முத்தாத்தாள் காப்பி டம்ளர்களோடு நின்றிருந்தாள். டம்ளர்களை வைத்துவிட்டுப் போனாள். கருப்பாத்தாள் திரும்பிப் பார்க்கவில்லை. ஊர் திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு அப்படி ஒரு பசி எடுத்தது. இறங்கியதும் கடையில் நாலு தோசை வாங்கித் தின்றாள். ஆறு வருசத்தில் அவள் ருசித்துத் தின்றது அன்றைக்குத்தான்.

இரண்டே மாசத்தில் குப்பண்ணன் தடத்தை அடைத்து மூட்டை அடுக்கினார். சென்னியப்பன் குடையை ஊன்றிக்கொண்டு வாய்க்கால் மேட்டில் தடுமாறி நடப்பதை, எதிர்க்கரையில் நெய்த்தூக்கை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்த்தாள். போதும் போதும் என்கிற வரைக்கும் பார்த்தாள். அதற்காகவே மழைநாளிலும் போனாள். அதைப் பற்றிக் கடைசிவரை அவளுக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

அப்படி நின்றிருந்த ஒரு வியாழக்கிழமை, குடையைக் காணோம். இடுப்பில் பித்தளைக் குடத்தோடு முத்தாத்தாள் வந்தாள். சேறு முழங்கால்வரை இருந்தது. இவளைக் கண்டதும் நின்று, குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள்: "என்ன கருப்பாத்தா, நெய் இருக்குதா?"

எப்போதும் கேட்கிற அதே குரல். கருப்பாத்தாள் தூக்கை எடுத்துக்கொண்டு நேராகக் குப்பண்ணன் கடைக்குப் போனாள்.

"அந்த அம்மாவுக்கு மட்டும் தடம் உட்டுருங்க குப்பண்ணா. தண்ணியும் சேந்திக்கட்டும்."

"நீங்கதானுங்கக்கா அடிக்கச் சொன்னது?"

"அது அந்தாளுக்கு. இது அந்த அம்மாவுக்கு."

"அடிச்ச எழுத்துல ரெண்டு பேருக்கும் ஒரே தடமில்லீங்களா? இன்னிக்கு அவிகளுக்கு உட்டா, நாளைக்கு அவரு பின்னாலயே வந்து பாத்தியம்பாரு. நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்க" என்று குப்பண்ணன் மரியாதையோடு சிரித்தார். உட்காருங்க என்று பெஞ்சில் இடமும் விட்டார்.

அதன் பிறகு அவள் கோர்ட்டுத் தெருப் பக்கம் போகவில்லை. அடுத்த ஐப்பசி மழையில் காய்ச்சலில் கிடந்து செத்துப்போனாள். டப்பாவில் அந்த ஆதாரமும் ஒரு கரித்துண்டும் இருந்தன. காளிச்சாமியின் சுவர் அப்படியே நிற்பதால், பாடையைக் கள்ளிவேலியைச் சுற்றித்தான் எடுத்துப் போனார்கள்.

முத்தாத்தாள் இன்னும் வாய்க்கால் மேட்டில்தான் தண்ணீர் சுமக்கிறாள். ஐம்பத்தோரு எழுத்துக்குக் கருப்பாத்தாள் அவளுக்குத் திருப்பிக் கொடுத்தது ஒன்றுமில்லை.