மைக்கில் எல்லோரும் சிங்கம்

தொலைக்காட்சியில் கபடி பார்க்க உட்கார்ந்தால் பத்தே நிமிடத்தில் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. ஆட்டத்தால் அல்ல, பேச்சால். 'வேற லெவல்', 'தரமான சம்பவம்', 'அனல் பறக்கிறது', 'இப்போது அழுத்தம் யார் மீது?' ஒருவன் தும்மினால்கூட வேற லெவல்தான். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பேன். மனைவி, "ஊமைப் படமா ஓடுது?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

இப்படி எரிச்சல்படும்போதே, எங்கள் ஊரில் மைக் பிடித்தவரின் கரகரத்த குரலும் நினைவுக்கு வந்துவிடும். அதை இன்னொரு முறை கேட்கக் கிடைக்காதா என்று ஏக்கமாக இருக்கும். திருவாரூருக்குத் தெற்கே எங்கள் ஊர். பங்குனித் திருவிழாவுக்குக் கோயில் திடலில் இரண்டு நாள் கபடிப் போட்டி நடக்கும். ரேஷன் கடையில் எடை போடுகிறவர்தான் வர்ணனையாளர். கடையில் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசமாட்டார். மைக் கைக்கு வந்தால் போதும், "அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே" என்று ஆரம்பித்து, "சீறி வரும் சிங்கம்", "மின்னல் வேகம்", "வெற்றிக்கனியைப் பறிக்கப்போவது யார், பொறுத்திருந்து பார்ப்போம்" என்று வெளுத்து வாங்குவார். இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினான்கு சிங்கங்கள். பாடிப் போனவனும் சிங்கம், அவனைப் பிடித்தவனும் சிங்கம். யார் என்றுதான் தெரியாது.

நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஊர் அணியில் இடது ஓரம் என் இடம். பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடிப்பது என் வேலை. அம்மாவால் பார்க்க வரமுடியாது. சம்பா அறுத்த வயல்களில் உளுந்து முற்றி நின்ற நேரம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கூலிக்கு உளுந்து பறித்துக்கொண்டிருந்தாள். தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் அங்கே தெளிவாகக் கேட்கும். எங்கள் பக்கம் சத்தத்தை மறிக்க ஒரு மேடு கிடையாது. மகன் ஆடுகிறான் என்று கூட வேலை செய்யும் பெண்களிடம் ஒரு வாரமாகச் சொல்லி வைத்திருந்தாள்.

முதல் நாள் நான்கு பேரைப் பிடித்தேன். முழங்கையெல்லாம் சிராய்ப்போடு வீட்டுக்குப் போனால், அம்மா முகம் சரியில்லை.

"நீ ஆடுனியாடா?"

"ஆடுனேம்மா. நாலு பேரப் புடிச்சேன்."

"ஒம் பேரே வரலியேடா. காதத் தீட்டிக்கிட்டு இருந்தேன். ஒம் மவன சும்மா உக்கார வச்சிருக்காங்களா அக்கான்னு கேக்குறாளுவ."

மறுநாள் காலை நேராக மைக் பிடிப்பவரிடம் போனேன். "அண்ணே, இன்னைக்கு ஒரே ஒரு தடவ எம் பேரச் சொல்லுங்கண்ணே. எங்கம்மா அக்கரையில உளுந்து பறிக்குது."

"பேரச் சொன்னா சப்புன்னு இருக்கும் தம்பி. சிங்கம்னாத்தான் கை தட்டுவாங்க" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, பாக்குறேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

இறுதி ஆட்டத்தில் எதிரணியின் பெரிய ஆளைக் காலோடு சாய்த்தேன். அவன் தொடை என் இடுப்பு அளவு இருக்கும். எழுந்து மைக் பக்கம் பார்த்தேன். "அள்ளிப் போட்டது அடலேறு!" என்றார். தமிழ் மாறியது, சிங்கம் மாறவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அவர் கணுக்காலையே பிடித்திருப்பேன்.

ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருந்தது. இரண்டு அணியும் சமம். பாடி வந்தவனுக்கு விலகிப் பின்னால் போனவன், ஓரடி அதிகம் போய்விட்டேன். குதிகால் கோட்டுக்கு வெளியே விழுந்தது. நடுவர் விசில் ஊதினார். அந்த ஒரு புள்ளியில் தோற்றோம்.

அப்போதுதான் வர்ணனையாளருக்கு என் பெயர் நினைவு வந்தது. தெரு, அப்பா பெயர், என் பெயர் என்று முழுசாக, அதுவும் இரண்டு முறை சொல்லி, "கோட்டைத் தாண்டி அவுட்!" என்றார். பிடித்தால் சிங்கம், கோட்டை விட்டால் மட்டும் விலாசம். அவமானத்தில் உடம்பே எரிந்தது. அம்மா இதைத்தான் கேட்டிருப்பாள் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்குப் போகாமல் வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்தேன். வேலை முடிந்த பெண்கள் அந்த வழியாகவே வந்தார்கள். அம்மா எல்லோருக்கும் முன்னால் வந்தாள். தலையெல்லாம் உளுந்துச் சருகு, முகமெல்லாம் சிரிப்பு.

"கேட்டேன்டா! ஒங்கப்பா பேரோட சொன்னாரு. இவளுவளும் கேட்டாளுவ."

"அவுட்டுன்னு சொன்னாரும்மா. என்னாலதான் தோத்தோம்."

"இருக்கட்டுமே. ஆடாதவன யாராச்சும் அவுட்டுன்னு சொல்லுவாங்களா?"

பின்னால் வந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று, அதையே இன்னொரு முறை உரக்கச் சொன்னாள்.