கப்பல் ஏணியின் கடைசிப் படி

எனக்குப் பயம் வந்தால் வாய் நீளும். அழுகை வராது, கை கால் நடுங்காது. பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களைப் பிடித்துத் திட்டத் தொடங்கிவிடுவேன். அந்த வருஷம் குற்றால சீசன் முழுக்க நான் திட்டிக்கொண்டேதான் இருந்தேன். பால்காரரைத் திட்டினேன், சாரலில் காயாத துணியைத் திட்டினேன், நாலு வயது மகளைத் திட்டினேன். திட்டாமல் விட்டது என் கணவரை மட்டும்தான். பயமே அவரால்தான் வந்தது.

அவர் பயணிகள் கப்பலில் இரண்டாம் அதிகாரி. கப்பல் எந்த வழியாகப் போக வேண்டும், எங்கே நங்கூரம் போட வேண்டும் என்று கடல் வரைபடத்தில் கோடு போட்டுக் கொடுப்பது அவர் வேலை. வசதியான வெள்ளைக்காரப் பெரியவர்கள் ஊர் ஊராய் இறங்கி வேடிக்கை பார்த்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளும் கப்பல் அது. எண்பதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் இதை ஒருவருக்கும் விளங்க வைக்க முடியாது. "சரக்கு ஏத்தாத கப்பல் எதுக்குத்தான் ஓடுது?" என்று கேட்பார்கள். என் மாமனார் மட்டும் சளைக்காமல் எல்லோருக்கும் விளக்கம் சொல்லுவார். போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். மகன் போட்ட கோட்டில் கப்பல் போகிறது என்பதைத் கோயில் தேர் நிற்கும் தேர்முட்டியில் நின்று சொல்லாவிட்டால் அவருக்குக் காப்பி இறங்காது.

அந்த ஆனி மாதம் என் கணவர் விடுப்பில் வந்திருந்தபோது, மெட்ராஸ் ஆபீசில் இருந்து நீளமான தகரக் குழாய் ஒன்று வந்தது. உள்ளே சுருட்டிய வரைபடங்கள். வீட்டின் நடுக்கூடமான பட்டாசாலைத் தரையில் விரித்து, ஈரக்காற்றில் சுருளாமல் இருக்க நாலு மூலையிலும் உழக்கு, குழவி, டார்ச் லைட்டு, மகளின் மரப்பாச்சி என்று வைத்தார்.

"இது எந்த ஊரு?" என்று கேட்டேன்.

"தென் அமெரிக்கா. கீழ வால் பக்கம்."

"அங்கன என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதுக்காகத்தான் அங்கன போகணும்ங்காங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. விஷயம் இதுதான். வேறு எந்தப் பயணிகள் கப்பலும் எட்டிப் பார்க்காத ஒரு துறைமுகத்தில் தங்கள் கப்பலை ஒருநாள் நிறுத்தக் கம்பெனிக்கு ஆசை. நாலைந்து தெரு, மீன் பிடிக்கிற சனங்கள், ஒரு மரப்பாலம், பின்னால் பனி மூடிய மலை, அவ்வளவுதான் ஊர். பெரிய கப்பல் கரையை ஒட்ட முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டு, பயணிகளைக் கப்பலின் பக்கவாட்டு ஏணி வழியாக இறக்கிப் படகில் கரைக்குக் கொண்டுபோக வேண்டும். முடியுமா முடியாதா என்று இவர் திட்டம் போட்டுச் சொல்ல வேண்டும். அடுத்த வருஷத்து விளம்பரப் புத்தகம் அச்சுக்குப் போக இருந்ததால் திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். திட்டம் போட்டவரே ஏணியடியில் நின்று கடைசி ஆளையும் கைபிடித்து இறக்கிவிட வேண்டும் என்பது அந்தக் கப்பலின் வழக்கம். சரி என்று சொன்னால் பதவி உயர்வும் பின்னாலேயே வரும்.

அந்த ஊரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. கப்பல் பிற்பாடு அங்கே போனதா இல்லையா என்றும் நாங்கள் விசாரித்ததில்லை.

மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. "என் மவன் கப்பலைக் கொண்டு போற ஊருக்கு இதுவரைக்கும் ஒருத்தனும் போனதில்ல வே" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். ஆபத்தில்லையா என்று எதிர்வீட்டு அண்ணாச்சி கேட்டதற்கு, "பயம்ங்கிற பேச்சே எங்க வீட்டுல கிடையாது" என்றார். அது வாஸ்தவம். யாருக்காவது பயம் இருந்தால்கூட அந்த வீட்டில் வேறு பெயர் வைத்துத்தான் சொல்ல வேண்டும். சளி, தலைவலி, நேரமில்லை, இப்படி.

என் கணவர் சளி என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊருக்கு வந்து ஒரு மாதம் ஆகியும் அருவிப் பக்கம் போகவில்லை. தென்காசியில் பிறந்தவர், சீசன் வெளுத்து வாங்குகிறது, அருவிக்கு வரமாட்டேன் என்கிறார். "கடல் தண்ணியில ஊறினவருக்கு நம்ம அருவி உப்புச்சப்பு இல்லாமப் போச்சோ" என்று அண்ணாச்சி கிண்டல் பண்ணினார். இவர் சிரித்து மழுப்பினார். சளிக்கு நான் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். குடித்தார். சளியே இல்லாத மனுஷன் கசப்புக் கஷாயத்தை மறுபேச்சில்லாமல் குடிக்கிறாரே என்று அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது.

வரைபடத்தின் மேல் ஒரு தீப்பெட்டியை வைப்பார், அது கப்பல். புளியங்கொட்டைகள் படகுகள். ஒவ்வொரு கொட்டையாகத் தீப்பெட்டியில் இருந்து கரைக்கு நகர்த்துவார், எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று ஓரத்தில் குறிப்பார். கொட்டை திரும்பி வந்து தீப்பெட்டியை ஒட்டும்போது அவர் விரல் நின்றுவிடும். பிறகு எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலில் இருந்து ஆரம்பிப்பார். நான் அடுப்படியில் இருந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை மகள் ஓடிவந்து கொட்டைகளை அள்ளிக்கொண்டு போனாள். இவர் கத்துவார் என்று பார்த்தால் அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தார். பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த வேலைக்கார அம்மாளைக் காரணமில்லாமல் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன்.

அந்தச் சனிக்கிழமை மாமனார் பிடித்த பிடியாக எங்களை ஐந்தருவிக்குக் கிளப்பினார். "திரும்பக் கப்பல் ஏறுதவன் ஒரு முழுக்காவது போடாமப் போகலாமா?" என்றார். பஸ்ஸில் போய் இறங்கினோம். மாமனார் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு ஆண்கள் பக்கம் போய்விட்டார். நான் பெண்கள் பக்கம் நனைந்துகொண்டு நின்றேன். இவர் குளிக்கவில்லை. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்கட்டின் ஓரத்தில், கம்பியைச் சாய்ந்தபடி நின்றார்.

திடீரென்று தலையில் விழுந்த தண்ணீர் கனத்தது. கண்ணைத் திறந்தால் நிறம் மாறி வருகிறது. மேலே மலையில் மழை கொட்டியிருந்தால் இப்படித்தான் வரும், எங்களுக்கு அது புதிதில்லை. போலீஸ்காரர் விசில் ஊதினார். எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வந்ததில் படிக்கட்டில் நெரிசல். யாரோ இடித்ததில் என் மகளின் கால் பாசியில் வழுக்கியது. அவ்வளவுதான் நடந்தது. இவர் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், ஒரே தூக்காகத் தூக்கி மேலே கொண்டுவந்துவிட்டார்.

ஆனால் அதற்குப் பிறகும் கையை விடவில்லை. ஈரம் தாண்டி, கடைகள் தாண்டி, ஒரு பலாப்பழக் கடையின் தார்ப்பாய்க்குக் கீழே வந்து நின்ற பிறகும் விடவில்லை. "அப்பா, கை வலிக்கி" என்று பிள்ளை அழுகிறாள். அவருக்குக் காதில் விழவில்லை. அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, அந்தப் பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் விரல் விரலாகப் பிரித்தெடுத்தேன். பிள்ளையின் கையில் அஞ்சு விரலும் சிவந்து பதிந்திருந்தது.

"என்னங்க இது, பிள்ள கைய முறிச்சிருப்பீங்க போல" என்று ஆரம்பித்தேன்.

"இப்படித்தான் பிடிச்சிருந்தேன்" என்றார்.

"யார?"

"போன பயணத்துல. ஒரு அம்மா, வயசானவங்க. ஏணியில கடைசிப் படியில நிக்காங்க. படகுல கால் வைக்கையில அலை படகைக் கீழ இழுத்துட்டு. நான் கையைப் பிடிச்சேன். ஈரக் கை. வழுக்கிட்டு."

"பொறவு?"

"படகு திரும்ப மேல வந்துட்டு."

கப்பலின் இரும்புச் சுவருக்கும் படகுக்கும் நடுவில் சிக்கிவிட்டார் அந்த அம்மாள்.

"அன்னைக்குக் கடல் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். "திட்டத்துல ஒரு தப்பும் இல்லன்னு எழுதியே குடுத்துட்டாங்க. நான் போட்ட திட்டம்தான் அது."

"முடியாதுன்னு சொல்லிருங்க. இந்த ஊரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"என்ன காரணம் சொல்ல? ஆழம் இருக்கு, நங்கூரம் போட இடம் இருக்கு. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"பயமா இருக்குன்னு சொல்லுங்க."

"அப்பா காதுல விழுந்தா செத்துருவாரு" என்றார். பிறகு, காய்கறி விலை சொல்லுகிற குரலில், "இன்னொரு கை வழுக்குச்சுன்னா நான் விட மாட்டேன். கூடவே போயிருவேன்" என்றார்.

எதிரே மாமனார் தலையைத் துவட்டிக்கொண்டு, மங்குஸ்தான் பையோடு சிரித்தபடி வந்துகொண்டிருந்தார். நான் பிள்ளையின் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் யாரையும் திட்டவில்லை. மாமனாரிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அவர் நாற்காலி வரைக்கும் போனேன். ஒரு தடவை காப்பி வேண்டுமா என்று கேட்டேன், இன்னொரு தடவை அதுவும் கேட்காமல் திரும்பிவிட்டேன். இவரைப் பார்த்தால் அந்தக் கையும், அந்தக் கடைசிப் படியும்தான் கண்ணில் நின்றன. கூடவே போயிருவேன் என்றவர் வேடிக்கைக்குச் சொல்லுகிறவர் இல்லை. சொன்னால் செய்கிற ஆள்.

திங்கட்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டே, "சரின்னுதான் சொல்லப் போறேன்" என்றார். பிள்ளையை எதிர்வீட்டில் விட்டுவிட்டு நானும் கூடக் கிளம்பினேன்.

தபால் ஆபீசுக்கு மாமனாரும் வந்தார். மகன் வாயால் சரி என்று சொல்லுவதைக் காதால் கேட்க வேண்டுமாம். தேய்த்த சட்டை, கையில் குடை. மெட்ராசுக்கு டிரங்க் கால் பதிந்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். தந்தி கொடுக்க, மணியார்டர் எழுத என்று ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். பாதிப் பேருக்கு மாமனாரைத் தெரியும். ஒவ்வொருவரிடமும் மகன் எதற்காகப் பேசப் போகிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் கழித்து லைன் கிடைத்தது. இவர் கூண்டுக்குள் போனார். கதவு மழையில் ஊதிப்போய் மூடவில்லை. மறுமுனையில் இருந்தவர் கப்பலில் கேப்டனாக இருந்து, கரையில் கம்பெனி ஆபீஸ் வேலைக்கு வந்த தமிழர்.

"சரி சார். போகலாம் சார்" என்றார் இவர். அந்தப் பக்கம் கேட்கவில்லை போலிருக்கிறது. "போகலாம்னு சொல்லுதேன் சார்" என்று கத்தினார். அப்போதும் கேட்கவில்லை. தென்காசியில் இருந்து மெட்ராசுக்குப் பேசுவதென்றால் அந்தக் காலத்தில் தொண்டை கிழியக் கத்த வேண்டும். மூன்றாம் தடவை வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"முடியாது சார்" என்றார்.

அது எப்படியோ அங்கே கேட்டுவிட்டது. ஏன் என்று கேட்டிருப்பார்கள்.

"பயமா இருக்கு சார். இல்ல சார், ஆழமெல்லாம் இருக்கு. எனக்குப் பயமா இருக்கு. ஏணியடியில என்னால நிக்க முடியாது. கேக்குதா சார்? பயமா இருக்கு."

தபால் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. முத்திரை குத்திக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். எல்லோரும் முதலில் கூண்டைப் பார்த்தார்கள், பிறகு மாமனாரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குடையின் கைப்பிடியை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

உள்ளே இவர் அந்த அம்மாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தார். ஈரக் கை என்பது வரைக்கும் வந்துவிட்டார். அப்போது கவுண்டரில் இருந்த பெண், "மூணு நிமிஷம் ஆகப்போகுது. நீட்டிக்கணுமா, வெட்டிரவா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டாள். ஊரையெல்லாம் திட்டிய என் வாயில் இருந்து ஒரு சொல் வரவில்லை.

மாமனார் எழுந்து கவுண்டருக்குப் போனார்.

"வெட்டிராத தாயி" என்றார். "இன்னும் மூணு நிமிஷம் போடு. எம்மவன் சொல்லி முடிக்கல."